ஒரே புத்தகத்தில் இரண்டு டிசம்பர் 25

டிசம்பர் பிறந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்து விழும். கிறிஸ்துமஸ் கிறிஸ்தவப் பண்டிகையே அல்ல. ரோமானியர்கள் சூரியனுக்கு எடுத்த விழாவைத் திருடிப் பெயர் மாற்றிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் மரம் வேதாகமத்தில் வரும் அரசன் நிம்ரோதுடையது, ஈஸ்டர் பாபிலோனின் இஷ்தார் தேவியுடையது என்று நீளும். அனுப்புகிறவர்கள் இரண்டு பேர். கடவுள் நம்பிக்கையே இல்லாத தம்பி ஒருவன், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் சித்தி ஒருவர். மதமே பித்தலாட்டம் என்பதற்கு இது சாட்சி என்பது தம்பியின் கட்சி. கத்தோலிக்கர்களான நாங்கள் வழிதவறிப் போனதற்கு இதுதான் சாட்சி என்பது சித்தியின் கட்சி.

திருச்சபை வரலாறு எனக்குப் பிடித்த படிப்பு. கிறிஸ்துமஸ் எனக்கு உயிரான பண்டிகை. அதனால் இந்தச் செய்தியை என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது விரல் நீட்டுகிற இடங்களில் சான்று மெலிந்து கிடக்கிறது. சான்று குவிந்து கிடக்கிற இடத்தைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

முதலில் தேதியை எடுத்துக்கொள்வோம். கி.பி. 354இல் ரோமில் ஃபிலோகாலுஸ் என்ற எழுத்துக் கலைஞர், வாலண்டினுஸ் என்ற பணக்காரக் கிறிஸ்தவருக்காக ஒரு நாட்காட்டிப் புத்தகம் செய்து கொடுத்தார். மூலப்பிரதி அழிந்துவிட்டது, பிற்காலத்தில் எடுத்த நகல்கள்தான் நம்மிடம் உள்ளன. பேரரசர்களின் பிறந்தநாள், ஊர்த் திருவிழா, தேர்ப்பந்தய நாள், ஆட்சியாளர் பட்டியல், ரோம் ஆயர்களின் நினைவுநாள் என்று எல்லாம் அதில் உண்டு. நகரத் திருவிழாக்களின் பக்கத்தில் டிசம்பர் 25க்கு நேரே சுருக்கெழுத்தில் ஒரு வரி: ‘வெல்லப்படாதவனின் பிறந்தநாள், பந்தயம் 30’. சூரியன் என்ற சொல்கூட அங்கே இல்லை. ‘வெல்லப்படாதவன்’ என்பது சூரியனின் பட்டம் என்பதால் அப்படி எடுத்துக்கொள்கிறோம். அதே புத்தகத்தில், நம்பிக்கைக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் நினைவுநாள் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. அதன் முதல் வரி: ‘டிசம்பர் 25, கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார்’. இந்தப் பட்டியல் 336 அளவிலேயே தொகுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

ஒரே புத்தகம், ஒரே தேதி, இரண்டு பிறந்தநாள். வாலண்டினுஸ் அதைப் புரட்டும்போது இரண்டும் கண்ணில் பட்டிருக்கும். டிசம்பர் 25ஐச் சூரியனின் பிறந்தநாள் என்று ரோமில் கொண்டாடியதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் சான்றும் இதுதான். கிறிஸ்துவின் பிறந்தநாள் என்று ரோமில் கொண்டாடியதற்கு முதல் சான்றும் இதுதான். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பேரரசன் அவுரேலியன் 274இல் ரோமில் சூரியனுக்குப் பெரிய கோயில் கட்டியது உண்மை. அதை டிசம்பர் 25இல் திறந்தான் என்று பல புத்தகங்களில் பார்க்கலாம். அப்படிச் சொல்லும் அக்காலக் கல்வெட்டோ குறிப்போ கிடையாது. 354இன் நாட்காட்டியை வைத்துப் பின்னோக்கிப் போட்ட ஊகம் அது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று 200 வாக்கிலேயே தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிவிட்டார். இறந்த அதே தேதியில்தான் அவர் தாயின் வயிற்றில் கருவானார் என்ற நம்பிக்கையும் இருந்தது. மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. புனித அகுஸ்தீன் திரித்துவத்தைப் பற்றிய தம் நூலில் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்தே சொல்கிறார். கிழக்கே சில சபைகள் இயேசு இறந்த நாளை ஏப்ரல் 6 என்று வைத்திருந்தன. அங்கே பிறந்தநாள் ஜனவரி 6. ஆர்மீனியத் திருச்சபை இன்றைக்கும் அந்த நாளில்தான் கொண்டாடுகிறது. ரோமாபுரிச் சூரியனை வைத்து டிசம்பர் 25ஐ விளக்கலாம், ஜனவரி 6ஐ விளக்க முடியாது. ஒன்பது மாதக் கணக்கு இரண்டையும் விளக்குகிறது. ஆகவே என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. அதற்காகச் சூரியனுக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துவை ‘நீதியின் சூரியன்’ என்று அழைத்த தலைமுறை அது. வாட்டிகனில் பேதுரு பேராலயத்துக்கு அடியில் தோண்டியெடுத்த கல்லறைகளில் ஒன்றின் மேற்கூரையில், தலையைச் சுற்றிக் கதிர்கள் வீசத் தேரில் நிற்கும் ஓர் உருவம் இருக்கிறது. அதைக் கிறிஸ்து என்றுதான் பலரும் கொள்கிறார்கள்.

தேதி இத்துடன் போகட்டும். சான்று உண்மையிலேயே குவிந்து கிடப்பது விருந்திலும் விளக்கிலும் பரிசிலும்.

ரோமானியர்களுக்கு டிசம்பர் 17 என்றால் சத்துர்னாலியா. ஒருநாள் விழாவாகத் தொடங்கி நீண்டு நீண்டு 23 வரை போயிற்று. அந்த நாட்களில் அடிமைகளுக்கு எஜமானரோடு உட்கார்ந்து சாப்பிடும் உரிமை இருந்தது, சில வீடுகளில் எஜமானரே பரிமாறினார். மற்ற நாளில் சட்டம் தடுத்த சூதாட்டம் அப்போது திண்ணைக்கு வந்தது. தோகா என்ற கனமான மேலாடையைக் கழற்றிவிட்டு வண்ண உடை உடுத்தினார்கள். மெழுகுத்திரியும் சின்னச் சின்ன மண்பொம்மைகளும் கைமாறின. ஒரு காலத்தில் டிசம்பர் ஒரு மாதமாக இருந்தது, இப்போது அது ஒரு வருஷம் என்று ரோமானியத் தத்துவஞானி செனெக்கா தன் கடிதத்தில் சலித்துக்கொள்கிறார். கிறிஸ்துமஸ் பிறப்பதற்கு முன்பே எழுதிய வரி அது!

அதை முடித்து மூச்சு வாங்குவதற்குள் ஜனவரி முதல் தேதி வந்துவிடும், காலண்ட்ஸ். வாசலில் இலைமாலை கட்டுவார்கள், நல்வாழ்த்துச் சொல்லிப் பரிசு கொடுப்பார்கள், இரவெல்லாம் ஆட்டமும் பாட்டமும் நடக்கும். அந்தியோக்கியாவின் லிபானியுஸ் கிறிஸ்தவத்தை ஏற்காத ஆசிரியர். இந்த நாளில் ஊரே கஞ்சத்தனத்தை மறந்துவிடுகிறது என்று மகிழ்ந்து எழுதினார். அதே விழாவைக் கி.பி. 400 ஜனவரி முதல் தேதி, இன்றைய துருக்கியில் உள்ள அமாசியாவின் ஆயர் அஸ்தேரியுஸ் மறையுரையில் கிழித்துத் தொங்கவிட்டார். சிறுபிள்ளைகள் வெள்ளித்தகடு ஒட்டிய பழங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்களாம். பழத்தைக் கொடுத்துவிட்டு, அதன் மதிப்பைப் போல் இரண்டு மடங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்களாம். பிஞ்சு மனசிலேயே பேராசை ஏறுகிறது என்று அவருக்கு வேதனை. எனக்கோ அந்தக் கோபத்தைத் தாண்டி, ஜனவரிக் குளிரில் கதவைத் தட்டும் அந்தப் பிள்ளைகள்தான் தெரிகிறார்கள். பழத்தில் தகடு ஒட்டிக் கொடுத்தது யார்? அவர்களின் அம்மாவாக இருக்கலாம். முந்தின ஞாயிறு கோவிலுக்கு வந்திருந்த அம்மா.

யோசித்துப் பாருங்கள், அஸ்தேரியுஸ் யாரிடம் பேசினார்? கோவிலுக்குள் நின்றவர்களிடம். வட ஆப்பிரிக்காவில் அகுஸ்தீனும் அப்படித்தான்: அவர்கள் புத்தாண்டுப் பரிசு கொடுக்கட்டும், நீங்கள் பிச்சையிடுங்கள் என்றார். ஆறாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சில், ஆர்ல் நகரத்து ஆயர் செசாரியுஸ், மான்தோல் போர்த்திக்கொண்டு ஆடுகிறவர்களையும், வருஷம் முழுக்கச் சோற்றுக்குக் குறைவிருக்கக் கூடாது என்று இரவில் மேசை நிறையப் பண்டம் பரப்பி வைப்பவர்களையும் கண்டித்தார். 567இல் தூர் நகரில் கூடிய ஆயர் மன்றம், புறச்சமயத்தாரின் வழக்கத்தை மிதித்துப்போட வேண்டும் என்று ஜனவரித் தொடக்கத்தில் மன்றாட்டுகளை வலியுறுத்தியது. ஊர் விருந்துண்ணும் நாளில் சபை நோன்பிருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஊர் கேட்டதா என்றால், மறுபடி மறுபடி கண்டிக்க வேண்டியிருந்ததிலிருந்தே விடை தெரிகிறது.

எல்லாவற்றிலும் என் மனதைத் தொட்டது பெரிய லியோ பாப்பரசரின் கிறிஸ்துமஸ் மறையுரை. காலம் 450ஐ ஒட்டியது. பேதுரு பேராலயத்துக்கு வரும் மக்கள், படியேறி மேலே வந்ததும், உள்ளே போவதற்கு முன் அப்படியே திரும்பி நின்று உதிக்கும் சூரியனைத் தலைதாழ்த்தி வணங்குகிறார்களே என்று அவர் மனம் நோகிறார். அவர்களில் சிலர் ஒளியைப் படைத்தவரைத்தான் வணங்குகிறார்கள் போலும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் வேண்டாம், புதிதாக மனம் மாறியவன் பார்த்தால் பழைய வழக்கத்தையும் புதிய நம்பிக்கையையும் ஒன்றென்று நினைத்துவிடுவான் என்று கேட்டுக்கொள்கிறார். கிறிஸ்தவத்தை ஏற்ற முதல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் காலம் முடிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாப்பரசரின் கண்ணெதிரே, அவருடைய சொந்தக் கோவில் படியில் இது நடக்கிறது.

திருட்டு என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். திருடியவர்கள் யார்? நமக்குக் கிடைக்கும் சான்றில் பெரும்பகுதி ஆயர்களின் கண்டனம். வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது சபைத் தலைமை. விடமாட்டோம் என்று வைத்துக்கொண்டவர்கள் மக்கள். அவர்களுக்கு அது அடுத்தவன் வீட்டுப் பொருள் அல்ல, பாட்டி செய்ததைப் பேத்தி செய்தாள். ஞானஸ்நானம் வாங்கியதால் ஜனவரிக் குளிர் விட்டுப்போகுமா, விளக்கேற்றும் ஆசைதான் போய்விடுமா?

தலைமையும் ஒரே குரலில் பேசவில்லை. பெரிய கிரகோரியார் பாப்பரசராக இருந்தபோது இங்கிலாந்துக்கு மறைபரப்புக் குழு அனுப்பியிருந்தார். 601 ஜூன் 22 தேதியிட்ட கடிதத்தில், புறச்சமயக் கோயில்களை இடித்துப்போடு என்று கென்ட் நாட்டு அரசன் எத்தல்பெர்ட்டுக்கு எழுதுகிறார். ஜூலை 18இல், வழியில் போய்க்கொண்டிருந்த மெல்லித்துஸ் என்ற துறவிக்கு இன்னொரு கடிதம். நெடுநேரம் யோசித்துப் பார்த்தேன், கோயில்களை இடிக்க வேண்டாம் என்கிறார். சிலையை மட்டும் எடுத்துவிட்டுத் தீர்த்தம் தெளியுங்கள், பீடம் வையுங்கள். மக்கள் பழகின இடத்துக்கே வரட்டும். பேய்களுக்கு மாடு பலியிடும் வழக்கமா? கோவில் அபிஷேக நாளிலும் வேதசாட்சிகளின் திருநாளிலும் கோவிலைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தல் போடட்டும், மாட்டை அடித்துச் சமைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிடட்டும். உச்சிக்கு ஏறுகிறவன் படிப்படியாகத்தான் ஏறுவான், ஒரே தாவலில் அல்ல என்று காரணமும் சொல்கிறார். முதல் கடிதத்துக்கும் இரண்டாம் கடிதத்துக்கும் இடையில் ஒரு மாதம்கூட இல்லை. மெல்லித்துஸ் கடிதத்தைச் சதித்திட்டத்தின் ஆவணமாகக் காட்டுவார்கள். அதில் எனக்குத் தெரிவது, எங்கோ தொலைவிலுள்ள விவசாயிகளின் சாப்பாட்டுப் பந்தலைப் பற்றி ரோமில் உட்கார்ந்து கவலைப்பட்ட மனிதர் ஒருவர்.

நார்வேயில் இது தலைகீழாக நடந்தது. ஹாகோன் என்ற அரசன் பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசவையில் கிறிஸ்தவனாக வளர்ந்து நாடு திரும்பினான். அங்கே யூல் என்ற நடுக்குளிர்கால விழா தனியாக நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்தவர்கள் கொண்டாடும் அதே நாட்களில்தான் யூல் வர வேண்டும், ஒவ்வொருவரும் ஓர் அளவு பீர் காய்ச்ச வேண்டும், பீர் தீரும் வரை பண்டிகை என்று அவன் சட்டம் போட்டதாக ஐஸ்லாந்தின் வரலாற்றாசிரியர் ஸ்னோரி எழுதுகிறார். ஸ்னோரி எழுதியது இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து என்பதை மறக்கக்கூடாது. ஆனால் கதை நன்றாக இருக்கிறது: விவசாயிகள் அரசனை வளைத்துக்கொண்டு, பலியிட்ட குதிரையின் ஈரலைத் தின்றால்தான் ஆயிற்று என்று நின்றார்கள், கடைசியில் அவன் கொஞ்சம் தின்றான். திருவிழாவை நகர்த்திய அரசனாலும் ஊர்ப்பந்தியைத் தாண்ட முடியவில்லை.

மரத்துக்கு வருகிறேன். பழைய ஜெர்மானியர்கள் அதை வணங்கினார்கள், அதுவே கிறிஸ்துமஸ் மரமாயிற்று என்பதற்கு இடைப்பட்ட நூற்றாண்டுகளில் சங்கிலியே கிடையாது. அல்சாஸ் பகுதியின் செலெஸ்தா நகரக் கணக்குப் புத்தகத்தில் 1521இல் பண்டிகை மரங்களை வெட்டிக்கொண்டு போகாமல் காவல் காத்தவர்களுக்குக் கூலி கொடுத்த குறிப்பு இருக்கிறது. 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் வீட்டுக்குள் ஃபிர் மரத்தை நட்டு வண்ணக் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், ஜிகினா, இனிப்பு எல்லாம் தொங்கவிட்டதை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நாள். அன்று போடும் ஏதேன் தோட்ட நாடகத்துக்கு ஆப்பிள் தொங்கும் மரம் வேண்டியிருந்தது. அந்த வழிதான் பொருத்தமாகத் தெரிகிறது.

ஈஸ்டருக்கும் பாபிலோனின் இஷ்தாருக்கும் ஒலி மட்டும்தான் உறவு. பல ஐரோப்பிய மொழிகளில் அந்தத் திருநாளுக்கு யூதர்களின் பாஸ்கா விழாவிலிருந்து வந்த பெயர். ஆங்கிலத்தில் ஏன் இப்படி என்றால், எயோஸ்த்ரே என்ற தேவியின் பெயரால் அழைத்த மாதம் அது என்று 725இல் பீட் என்ற துறவி எழுதினார். அந்தத் தேவிக்கு அவரைத் தவிர அக்காலச் சாட்சி யாருமில்லை. முட்டைக்குத் தேவியே வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலத்தில் முட்டை கூடாது. கோழிக்கு அது தெரியாது. நாற்பது நாள் முட்டை சேர்ந்துவிடும். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் அரண்மனைக் கணக்கில், 1290 ஈஸ்டருக்கு 450 முட்டை வாங்கிச் சாயமும் தங்கத்தகடும் ஏற்றியதற்கு 18 பென்ஸ் என்று எழுதியிருக்கிறது.

சரி, அப்படியானால் இந்தச் செய்தி எங்கிருந்து கிளம்பியது? நாத்திகர்களிடமிருந்து அல்ல, கிறிஸ்தவர்களிடமிருந்து. வேதத்தில் இல்லாத பண்டிகை எதுவும் வேண்டாம் என்ற பியூரிட்டன்கள் 1647இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் ஒழித்துச் சட்டம் போட்டார்கள். அந்த டிசம்பரில் கடைகளைத் திறக்கச் சொன்னபோது கேன்டர்பரியில் கலவரமே வெடித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அங்கே போதகராக இருந்த இன்கிரீஸ் மேதர், அந்தத் தேதியை வைத்தவர்கள் கிறிஸ்து அன்று பிறந்தார் என்று நினைத்து வைக்கவில்லை, ரோமானியரின் சத்துர்னாலியா அந்தச் சமயத்தில் வந்ததால் வைத்தார்கள் என்று 1687இல் எழுதினார். நிம்ரோதும் இஷ்தாரும் பரவியது ஸ்காட்லாந்துப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லாப் 1858இல் விரித்து வெளியிட்ட ‘இரண்டு பாபிலோன்கள்’ நூலால். கத்தோலிக்க சபைதான் பாபிலோன் என்று நிறுவ எழுதிய நூல் அது. சித்தியின் கையில் அது இருப்பது புரிகிறது. எந்தச் சபையையும் நம்பாத தம்பியும் அதே சபைச் சண்டையின் ஆயுதத்தைத் தெரியாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

இந்த வழக்கு நம் ஊர் வரைக்கும் வந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்திச் சந்நியாசியாக வாழ்ந்தார். மதம் மாறியவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்றார். கூட இருந்த துறவியே புகார் செய்தார். வழக்கு ரோமுக்குப் போயிற்று. 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் நிபந்தனைகளோடு அனுமதித்தார். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் கடுமையாகக் கட்டுப்படுத்தினார். பின்னால் வந்த மறைப்பணியாளர்கள் இந்தக் கட்டுப்பாட்டுக்குக் கீழ்ப்படிவதாக எடுக்க வேண்டியிருந்த சத்தியத்தை 1940இல்தான் ரோம் நீக்கியது. லியோவின் பயமும் கிரகோரியாரின் பந்தலும் மறுபடி நேருக்கு நேர் நின்ற வழக்கு இது. இன்றைக்கு எங்கள் கோவில்களில் பொங்கல் வைக்கிறோம், திருவிழாவுக்குக் கொடியேற்றுகிறோம், சப்பரம் தூக்குகிறோம், வேளாங்கண்ணியில் மொட்டை போடுகிறோம். கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் வாசலில் கோலம் இருக்கும், அடுக்களையில் முறுக்கும் அதிரசமும் இருக்கும். இவற்றில் ஒன்றையும் நான் விட மாட்டேன்.

ஆனால் மதுரையில் உள்ளே விட்டது சந்தனத்தை மட்டுமல்ல. பிராமணச் சந்நியாசியாக வாழ்ந்த துறவிகளுக்கு உயர்சாதிக் கூட்டம், பண்டாரச் சாமிகளாக வாழ்ந்த துறவிகளுக்கு மற்றச் சாதிக் கூட்டம் என்று சாதியும் கூடவே வந்து உட்கார்ந்தது. அனுமதி தந்த 1623இன் ஆணையிலேயே, உயர்குலத்தார் எளியவர்களை இகழக் கூடாது, அதுவும் கோவிலில் கூடவே கூடாது என்று பாப்பரசர் மன்றாடிக் கேட்டுக்கொண்டார். யார் கேட்டார்கள்? திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த கோவில், இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண வசதியாக இரண்டு கிளையாகப் பிரித்துக் கட்டியது. 1910இல் கௌசானல் சுவாமியார் அந்தத் தடுப்பை உடைத்தார். வழக்குப் போட்டார்கள், கோவிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்க உரிமையில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் இன்னமும் சில பங்குகளில் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் இருக்கிறது. பழைய வழக்கத்தை விட்டுவிடச் சொல்லி என் குடும்பத்தில் யாராவது பிரச்சாரம் செய்வதானால், அந்தக் கல்லறைச் சுவர் முன்னால் போய் நின்று செய்யட்டும். நானும் கூட நிற்கிறேன்.